டாக்டரிடம் கேளுங்கள்: கழுத்தில் துளை போட வேண்டுமா, வேண்டாமா?

வாய், நாக்கு, தாடை ஆகிய இடங்களில் புற்றுநோய்க்காகப் பெரிய ஆபரேஷன் செய்து, உடம்பின் வேறு பகுதியிலிருந்து தோலோ தசையோ எலும்போ எடுத்து வைத்துத் தைப்பது பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள். எல்லாம் சுற்றிச் சுற்றி மூச்சில் வந்துதான் நிற்கின்றன. நான் மயக்கவியல் டாக்டர். கத்தி பிடிப்பவர் வேறு ஒருவர், அந்த நேரத்தில் நோயாளியின் மூச்சுக்குப் பொறுப்பு நான். அந்தப் பக்கத்திலிருந்துதான் பதில் சொல்கிறேன். உங்கள் நோயாளியை நேரில் பார்க்கும் டாக்டர் வேறு மாதிரி சொன்னால், அவர் சொல்வதைக் கேளுங்கள்.

அப்பாவுக்கு 61 வயது, நாக்கில் புற்றுநோய். நாக்கில் பாதியை எடுத்துவிட்டு, முன்கைத் தோலை வைத்துத் தைப்பார்களாம். கழுத்தில் இரண்டு பக்கமும் நெறிக்கட்டிகளை எடுக்க வேண்டுமாம். முதலில் பார்த்த சர்ஜன், "கழுத்தில் துளை போட்டு மூச்சுக்குழலில் டியூப் வைப்பது (டிரக்கியாஸ்டமி) கண்டிப்பாக உண்டு" என்றார். இன்னொரு மருத்துவமனையில், "டிரக்கியாஸ்டமி எல்லாம் வேண்டாம், மூக்கு வழியாகப் போட்ட டியூபோடு ஒரு ராத்திரி ஐசியூவில் வைத்து மறுநாள் எடுத்துவிடுவோம்" என்கிறார்கள். யாரை நம்புவது? — ஒரு மகள்

இரண்டு பேரையும் நம்பலாம். மழுப்புகிறேன் என்று நினைக்காதீர்கள், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஆபரேஷன் முடிந்ததும் அப்பாவின் வாய் எப்படி இருக்கும் என்பதிலிருந்து தொடங்குவோம். மிச்சமிருக்கும் நாக்கு வீங்கும், நாக்கின் அடியில் இருக்கும் தளமும் வீங்கும், புதிதாக வைத்த தோலும் வீங்கும். வீக்கம் ஆபரேஷன் முடிந்த உடனே உச்சத்தில் இருக்காது. முதல் இரண்டு மூன்று நாட்கள் ஏறி, அப்புறம்தான் இறங்கத் தொடங்கும். கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் நெறிக்கட்டிகளை எடுத்தால், மறுபக்கத்து ரத்தக் குழாய்களும் நிணநீர்ப் பாதைகளும் வேலையைப் பார்த்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் கை வைத்தால் நீர் வடிய வழி குறைகிறது. உங்கள் கடிதத்தில் 'இரண்டு பக்கமும்' என்ற வார்த்தையைப் படித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

நாங்கள் பார்க்கும் மற்ற விஷயங்கள்: வைக்கப்போவது முன்கையின் மெல்லிய தோலா, தொடையிலிருந்து எடுக்கும் தடித்த சதையா? தாடையின் முன்பகுதியை வெட்டுகிறார்களா, பக்கவாட்டிலா? நாக்கை முன்னால் இழுத்துப் பிடிக்கும் தசை மோவாயின் உள்பக்க எலும்பில்தான் ஒட்டியிருக்கிறது. அந்த எலும்பு போய்விட்டால், மல்லாந்து படுத்ததும் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும். கழுத்துக்கு முன்பே கதிர்வீச்சு கொடுத்திருக்கிறதா, வாய் எவ்வளவு திறக்கிறது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற ஆளா, நுரையீரல் எப்படி, எடை எவ்வளவு என்று பட்டியல் நீளும்.

இதற்கு மதிப்பெண் போடும் முறைகளும் இருக்கின்றன. கேமரூன் என்பவரும் அவருடைய குழுவினரும் 2009-ல் ஒன்றை வெளியிட்டார்கள். கட்டி எந்த இடத்தில், தாடையை வெட்டுகிறார்களா, கழுத்தில் இரு பக்கமுமா, வேறு திசு வைத்துத் தைக்கிறார்களா என்று பார்த்து மதிப்பெண் கூட்டுவார்கள். 5 அல்லது அதற்கு மேல் வந்தால் டிரக்கியாஸ்டமி நல்லது என்பது கணக்கு. பின்னால் வந்த முறைகள் நோயாளியின் மற்ற நோய்களையும் சேர்த்துக்கொண்டன. நானும் மனசுக்குள் கூட்டிப் பார்ப்பேன். ஆனால் அந்தக் கணக்கில் மருத்துவமனைக்கு மதிப்பெண் கிடையாது. உங்களுக்கு இரண்டு பதில் கிடைத்ததே அதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஒரு டியூபை எடுப்பதற்கு முன் நான் என்னையே கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இன்று ராத்திரி 2 மணிக்கு இவருக்கு மூச்சு அடைத்தால், மறுபடி உள்ளே போக முடியுமா? கதவைச் சாத்திவிட்டு வெளியே வரும்போது சாவி கையில் இருக்கிறதா என்று பார்ப்போமே, அது மாதிரி. காலையில் மூன்று விரல் அளவு திறந்த வாய், ராத்திரி வீங்கி, ரத்தமும் எச்சிலுமாக இருக்கும். வாயில் கருவியைத் திணித்தால் புதுத் தையல் பிரியலாம். கழுத்து வழியாக அவசரமாகப் போகலாம் என்றால், அங்கேயும் வீக்கம். அதோடு புதிய தோலுக்கு உயிர் கொடுக்கும் ரத்தக் குழாய்களை அந்தக் கழுத்தில்தான் இணைத்திருப்பார்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டம்தான் இருக்கும், மைக்ரோஸ்கோப் வைத்துத் தைத்தவை. ரத்தக்கட்டி சேர்ந்தாலோ அந்தக் குழாய் அடைத்தாலோ நோயாளியை உடனே மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டும். அப்படி நேர்ந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாட்களில் நேரும். கழுத்தில் ஏற்கனவே டியூப் இருந்தால், மயக்கம் கொடுப்பது எனக்கு ஐந்து நிமிட வேலை. இல்லாவிட்டால் அதுவே அந்த ராத்திரியின் பெரிய கண்டமாகிவிடும்.

அப்படியானால் எல்லோருக்கும் துளை போட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். அதற்கும் விலை உண்டு. ரத்தம் கசியலாம், டியூப் சளியில் அடைக்கலாம், இடம் விட்டு நழுவலாம், நெஞ்சில் சளி பிடிக்கலாம். விழுங்கப் பழகுவது தள்ளிப்போகும், வீட்டுக்குப் போகும் நாளும் தள்ளிப்போகும், கழுத்தில் தழும்பு இருக்கும். டிரக்கியாஸ்டமி டியூபைக் கவனிக்கத் தெரிந்த நர்ஸ் இல்லாத வார்டில் அந்த டியூபே ஆபத்து. மறுபக்கம், மூக்கு டியூபோடு ராத்திரி வைத்திருப்பதற்குத் தூக்க மருந்து வேண்டும். தூக்க மருந்து ரத்த அழுத்தத்தை இறக்கும். புதிய தோலுக்கு ரத்தம் போக அழுத்தம் வேண்டும். எதை எடுத்தாலும் எங்கோ ஓரிடத்தில் இடிக்கும்.

ராத்திரி முழுக்க அனுபவமுள்ள மயக்கவியல் டாக்டர் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறார், ஐசியூவில் அப்பாவுக்கென்று ஒரு நர்ஸ் இருக்கிறார் என்றால், இரண்டாவது மருத்துவமனை சொன்னது நியாயமான திட்டம். ராத்திரி ஒரே ஒரு பயிற்சி டாக்டர் பல வார்டுகளுக்கு ஓடுகிற இடம் என்றால், முதல் சர்ஜன் சொன்னதைத்தான் நானும் சொல்லியிருப்பேன். இரு பக்கக் கழுத்து என்பதால் என் கை கொஞ்சம் டிரக்கியாஸ்டமி பக்கமே சாய்கிறது. ஆனால் வாயைப் பார்க்காமல் இதற்கு மேல் சொல்லக்கூடாது. இரண்டு இடத்திலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "ராத்திரி மூச்சு அடைத்தால் யார் வருவார், எவ்வளவு நேரத்தில் வருவார், என்ன செய்வார்?" தடுமாறாமல் பதில் வருகிற இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

வாயில் ஆபரேஷன். எனக்கு வாய் ஒரு விரல் அளவுகூடத் திறக்காது. விழித்திருக்கும்போதே மூக்கு வழியாக டியூப் போடுவோம் என்கிறார்கள். கேட்டதிலிருந்து தூக்கமில்லை. மயக்கிவிட்டுப் போட்டால் என்ன? — ஒரு வாசகர்

மயக்கிவிட்டுப் போட்டால்தான் ஆபத்து. விழித்திருக்கும்போது உங்கள் தொண்டைத் தசைகள் மூச்சுப்பாதையைத் தாமாகவே திறந்து வைத்திருக்கின்றன. நான் மருந்து கொடுத்த நிமிடம் அவை தளர்ந்துவிடும், நாக்கு பின்னால் விழும். சாதாரணமாக நான் வாயைத் திறந்து கருவி வைத்து டியூபை இறக்கிவிடுவேன். உங்களுக்கு வாயே திறக்காதே! வலியால் திறக்காத வாய் மயக்கத்தில் சில சமயம் இளகும். கதிர்வீச்சாலோ, உள்தோல் நாராக இறுகிப்போனதாலோ திறக்காத வாய் மயக்கத்திலும் இளகாது. மூச்சு நின்ற பிறகு வழி தேடுவதைவிட, நீங்களே மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போது வழி கண்டுபிடித்துவிடுவது பத்திரம்.

என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன், பாதி பயம் போய்விடும். படுக்கையைச் சாய்த்து உட்கார வைப்போம். மூக்கின் ரத்தக் குழாய்கள் சுருங்க ஒரு சொட்டு மருந்து, ரத்தம் வராமலிருக்க. மூக்கில் சின்னக் குழாய் வழியே ஆக்ஸிஜன். அப்புறம் லிக்னோகைன் என்ற மரத்துப்போகும் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மூக்கிலும் தொண்டையிலும் தெளிப்போம். கசக்கும், நன்றாகவே கசக்கும். எடைக்கு ஏற்ற அளவைத் தாண்டாமல் கணக்குப் பார்த்துத்தான் கொடுப்போம். அதற்கான நேரத்தை யாரும் அவசரப்படுத்தக்கூடாது. மரத்ததும் தொண்டை தடித்துப்போன மாதிரி, விழுங்கவே முடியாத மாதிரி தோன்றும். அது மரத்ததால் வரும் உணர்வுதான், மூச்சு போய்க்கொண்டுதான் இருக்கும். மனம் அமைதியாக இருக்க லேசான மருந்தும் கொடுப்போம், ஆனால் கூப்பிட்டால் கண் திறக்கும் அளவுக்குத்தான்.

பென்சிலைவிட மெல்லிய கேமரா ஒன்று மூக்கு வழியாக இறங்கும். டியூபை அதன்மேல் முன்பே கோத்திருப்போம். குரல்நாண்களைத் தாண்டும்போது ஒரு இருமல் வரும், வரட்டும். திரையில் மூச்சுக்குழலின் வளையங்கள் தெரியும். டியூப் அதற்குள் இறங்கியதும் நீங்கள் பேச முயன்றால் சத்தம் வராது. அந்த நொடிதான் பலரையும் மிரட்டுவது. சத்தம் வராவிட்டால் டியூப் சரியான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் வெளிவிடும் கார்பன் டை ஆக்ஸைடு மானிட்டரில் அலையாக வருகிறதா என்று பார்த்து உறுதி செய்துகொண்டு, உடனே தூங்க வைத்துவிடுவோம். நடுவில் நிறுத்த வேண்டுமென்றால் எந்தக் கையைத் தூக்குவது என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். கையைத் தூக்கினால் நிறுத்துவார்கள்.

நான் பார்த்தவரை, பிறகு வார்டில் போய்க் கேட்டால் பலருக்கும் அந்தக் கசப்புதான் ஞாபகம் இருக்கிறது.

மாமனாருக்குக் கீழ்த்தாடையின் முன்பகுதியை எடுத்து, காலின் மெல்லிய எலும்பை வைத்தார்கள். ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்றார்கள். ஆனால் இரண்டாவது நாளும் வெண்டிலேட்டரில், மயக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். எதையோ மறைக்கிறார்களோ? — ஒரு மருமகன்

நேரே கேட்டுவிடுங்கள், மனசுக்குள் வைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது திட்டமிட்டுச் செய்வதாகத்தான் தெரிகிறது. முன்தாடை ஆபரேஷனில் நாக்கு சரியும் ஆபத்தைப் பற்றி மேலே சொல்லியிருக்கிறேன். வீக்கம் குறையாமல் டியூபை எடுக்கத் துணிய மாட்டார்கள்.

எடுப்பதற்கு முன் டியூபின் நுனியிலுள்ள பலூனின் காற்றை இறக்கி, டியூபைச் சுற்றிக் காற்று கசிகிறதா என்று பார்ப்பார்கள். கசிந்தால் சுற்றிலும் இடம் இருக்கிறது என்று ஓரளவு தெம்பு. கசியாவிட்டால் இன்னும் ஒரு நாள் பொறுப்பார்கள், வீக்கம் வற்ற டெக்ஸாமெத்தசோன் ஊசி கொடுப்பார்கள். சில சமயம் டியூபை எடுக்கும்போது அதன் வழியாக நீளமான மெல்லிய ஒரு குழாயை மூச்சுக்குழலிலேயே கொஞ்ச நேரம் விட்டுவைப்போம். மூச்சு திணறினால் அதன்மேலேயே புது டியூபைக் கோத்து இறக்கிவிடலாம். எடுக்கும் வேலையைப் பகலில், எல்லோரும் இருக்கும்போதுதான் வைத்துக்கொள்வோம்.

இவ்வளவு தயக்கத்துக்குக் காரணம் உண்டு. பிரிட்டனில் மயக்கவியல் ராயல் கல்லூரியும் கடின மூச்சுப்பாதை சங்கமும் சேர்ந்து, நாடு முழுவதும் ஓராண்டில் நடந்த தீவிரமான மூச்சுப்பாதைச் சிக்கல்களைத் திரட்டி 2011-ல் அறிக்கை வெளியிட்டார்கள். 184 சம்பவங்கள். அவற்றில் பத்தில் ஏறத்தாழ நான்கு, தலையிலோ கழுத்திலோ நோய் உள்ளவர்களுக்கு நடந்தவை. ஐசியூவில் நடந்த மரணங்கள் பலவற்றில், கார்பன் டை ஆக்ஸைடு அலையைக் காட்டும் கருவியைப் பயன்படுத்தாததும் ஒரு காரணம் என்று அதில் எழுதியிருந்தார்கள். அடுத்த முறை உள்ளே விட்டால் மாமனாரின் மானிட்டரைப் பாருங்கள். இதயத் துடிப்புக் கோட்டுக்குக் கீழே, பெட்டி பெட்டியாக ஏறி இறங்கும் இன்னொரு கோடு ஓடும். அதுதான் அது.

அம்மாவுக்குக் கழுத்தில் டியூப் போட்டு ஐந்து நாள் ஆகிறது. பேச்சே வரவில்லை. எழுதிக் காட்டுகிறார், அழுகிறார். குரல் போய்விட்டதா? — ஒரு மகன்

குரல் எங்கேயும் போகவில்லை. குரல்நாண்கள் டியூபுக்கு மேலே இருக்கின்றன. காற்று கீழேயே டியூப் வழியாக வெளியே போய்விடுவதால், அவற்றை அதிர வைக்கக் காற்று இல்லை, அவ்வளவுதான். வீக்கம் குறைந்ததும் பலூனின் காற்றை இறக்கிவிட்டு, பேச்சு வால்வு ஒன்றைப் பொருத்துவார்கள். மூச்சு உள்ளே போகும்போது அது திறக்கும். வெளியே வரும்போது மூடிக்கொண்டு, காற்றை மேலே குரல்நாண்களுக்கு அனுப்பும். இந்த வகை வால்வுகளில் உலகம் முழுக்கத் தெரிந்த ஒன்றை உருவாக்கியவர் டேவிட் மியூர். தானே வெண்டிலேட்டரில் இருந்த இளைஞர், பேச முடியாத தவிப்பு தாங்காமல் 1980-களில் செய்தது. ஒன்று மட்டும் கவனம்: பலூனில் காற்று இருக்கும்போது வால்வைப் போடவே கூடாது. மூச்சு உள்ளே போகும், வெளியே வர வழியில்லாமல் போகும். நர்ஸ் சொல்லாமல் வீட்டுக்காரர்கள் யாரும் அதைத் தொட வேண்டாம்.

டியூபை எடுக்கும் முன், பல இடங்களில் அதன் வாயை மூடி ஒரு நாள் முழுக்க வாயாலும் மூக்காலும் மூச்சு விட வைத்துப் பார்ப்பார்கள். தாக்குப்பிடித்தால் எடுத்துவிட்டுப் பஞ்சுத்துணி வைத்து ஒட்டுவார்கள். தையல் தேவையில்லை, பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் துளை தானே மூடிக்கொள்ளும். அதுவரை பேசும்போதும் இருமும்போதும் அம்மா அந்த இடத்தை விரலால் அழுத்திக்கொள்ளட்டும். சொற்கள் தெளிவாக வருமா என்பது வேறு விஷயம். அது நாக்கில் எவ்வளவு எடுத்தார்கள், எவ்வளவு பயிற்சி செய்கிறார் என்பதைப் பொறுத்தது. அதுவரை நல்ல பேனாவும் கோடு போடாத நோட்டும் வாங்கிக் கொடுங்கள். எழுதுவதைப் பாதியிலேயே ஊகித்து நீங்கள் முடித்துவைக்காதீர்கள், அது அவர்களுக்கு அழுகையைக் கூட்டும்.

சக்‌ஷன் போட்டுக் கழுத்து டியூபிலிருந்து சளியை உறிஞ்சும்போது அப்பா துடிக்கிறார். குறைத்துக்கொள்ளச் சொல்லலாமா?

தேவையில்லாமல் போட வேண்டாம் என்று சொல்லலாம், போடவே வேண்டாம் என்று சொல்லக்கூடாது. மூக்குதான் காற்றைச் சூடாக்கி ஈரமாக்குகிறது. கழுத்து டியூபில் காற்று நேரே உள்ளே போவதால் சளி காய்ந்து பொருக்குத் தட்டும். உள்டியூபைக் கழற்றிக் கழுவும்போது ஒருமுறை எட்டிப் பாருங்கள், உள்சுவரில் பழுப்பாகப் பொருக்குப் படிந்திருக்கும். அதுதான் ராத்திரியில் மூச்சை அடைப்பது. ஒவ்வொரு முறையும் 10, 15 நொடிக்குள் முடித்துவிட்டு, மூச்சு வாங்க விட வேண்டும். ஈரப்பதம் கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறதா என்று கேளுங்கள். அது சரியாக இருந்தால் சக்‌ஷன் தேவை தானாகக் குறையும்.

டியூபைக் கழுத்தைச் சுற்றி நாடாவால் கட்டாமல் தோலோடு சேர்த்துத் தைத்திருக்கிறார்களே, கொடுமையாக இல்லையா?

நாடா இறுகினால், புதிய சதையிலிருந்து ரத்தம் திரும்பி வரும் குழாயைக் கழுத்தில் நசுக்கிவிடும். சதை கறுத்துப்போகும். தையல் போட்டதைப் பார்த்தால் விவரம் தெரிந்தவர்கள் கையில் நோயாளி இருக்கிறார் என்றுதான் நான் நினைப்பேன்.

நர்சிங் மாணவி நான். குரல்வளையையே எடுத்தவருக்கும் டிரக்கியாஸ்டமி செய்தவருக்கும் கழுத்தில் துளை ஒரே மாதிரிதான் தெரிகிறது. அவசரத்தில் எப்படிப் பிரித்தறிவது?

நல்ல கேள்வி, தேர்வுக்காக இல்லாமல் நோயாளிக்காகக் கேட்ட கேள்வி. டிரக்கியாஸ்டமி செய்தவருக்கு மேலே வாய், மூக்கு வழியும் பெரும்பாலும் நுரையீரலோடு சேர்ந்தே இருக்கும். குரல்வளையை முழுதாக எடுத்தவருக்கு அந்தத் தொடர்பே கிடையாது. அவர் முகத்தில் மாஸ்க் வைத்து எவ்வளவு ஆக்ஸிஜன் விட்டாலும் நுரையீரலுக்குப் போகாது, கழுத்துத் துளையில்தான் கொடுக்க வேண்டும். பார்த்த மாத்திரத்தில் தெரியாது என்பதால்தான் பிரிட்டனின் டிரக்கியாஸ்டமி பாதுகாப்புத் திட்டத்தில் படுக்கையின் தலைமாட்டில் பலகை வைக்கச் சொன்னார்கள்: டிரக்கியாஸ்டமிக்குப் பச்சை, குரல்வளை எடுத்தவருக்குச் சிவப்பு. பலகை இல்லை, கேட்க ஆளும் இல்லை என்றால் முகத்திலும் கழுத்திலும் இரண்டு இடத்திலும் ஆக்ஸிஜன் கொடுத்துக்கொண்டே உதவிக்குக் கூப்பிடுங்கள்.

ஆபரேஷனுக்கு முன் தாடியை எடுக்கச் சொல்கிறார்கள். பல வருடத் தாடி. கட்டாயமா?

கட்டாயம்தான். தாடிமேல் மாஸ்க் சரியாகப் படியாது, காற்று ஓரத்தில் கசியும். மோவாய் சின்னதா, உள்வாங்கியிருக்கிறதா என்பதையும் தாடி மறைத்துவிடும். அது எனக்குத் தெரிந்தாக வேண்டும். கழுத்தில் வெட்டுப்போடும் இடமும் அதுவே. மீசையைப் பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். மூக்கு டியூப் என்றால் பிளாஸ்திரி ஒட்ட இடம் வேண்டும், சில சமயம் ஓரத்தைக் குறைத்தாலே போதும். பிளேடு வேண்டாம், டிரிம்மரில் எடுங்கள். பிளேடு கீறிய இடத்தில் கிருமி நுழையும். கழுத்தில் மிச்சம் இருப்பதைத் தியேட்டரில் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.